இவானீர் கடைந்த இரண்டாவது தட்டு

வலது கை கியர்பாக்ஸின் வாய் விளிம்பைப் பழைய பனியன் துணியால் துடைத்தது. இடது கையின் நடுவிரல் அதே விளிம்பில் மெல்ல ஒரு சுற்று வந்தது. துணிக்குத் தெரியாத பிசிறு விரலுக்குத் தெரியும். பாதிச் சுற்றில் நகத்தில் ஏதோ தட்டியது. எண்ணெய்க் கல்லை எடுத்து அந்த இடத்தை மட்டும் நான்கைந்து முறை தேய்த்தபின் விரல் மறுபடி சுற்றி வந்தது. இப்போது ஒன்றும் தட்டவில்லை. அதற்குப் பிறகுதான், நூலளவு விலகலையும் முள்ளால் காட்டும் டயல் கேஜ் பெட்டியிலிருந்து வெளியே வந்தது.

கேஜின் முனை விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்க, கைகள் அதை ஒரு முழுச் சுற்று மிக மெதுவாகத் திருப்பின. முள் எவ்வளவு நகர்ந்தது என்பதை ஒரு அட்டைத் துண்டில் பென்சிலால் குறித்தன. மறுபடி ஒரு சுற்று, மறுபடி அதே எண். மூன்றாவது சுற்றுக்குத் தேவையில்லை. ஆனாலும் அதுவும் நடந்தது.

"மூணு தரம் அளந்தா நம்பர் மாறிடுமா அத்தை?" என்றாள் வாசலில் நின்ற மார்லீசி.

"மாறாது. மாறலைன்னு எனக்குத் தெரியணும்ல."

கைகளுக்குச் சொந்தக்காரி இவானீர் போர்த்தலோன். வயது ஐம்பத்தெட்டு. தெற்கு பிரேசிலின் காஷியாஸ் நகரில், டெஸ்வியோ ரிஸ்ஸோ பக்கம் அவள் வீட்டை ஒட்டி ஒரு லேத் பட்டறை. திராட்சைத் தோட்டக்காரர்களின் ஏழாவது பிள்ளை. பதினாறு வயதில் பேருந்துக்குக் கூடு கட்டும் தொழிற்சாலையில் இரும்புத் துருவல் கூட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். பெண்பிள்ளைகளை இயந்திரத்தில் நிறுத்தும் வழக்கம் அப்போது கிடையாது. கூட்டிக்கொண்டே பார்த்தாள். துருவல் சுருள் சுருளாக வந்தால் வேலை சரியாகப் போகிறது, நீலம் பாரித்து வந்தால் கருவி மழுங்கிவிட்டது என்று, இயந்திரத்தைப் பார்க்காமல் தன் துடைப்பத்தின் முன்னால் விழுவதைப் பார்த்தே சொல்லிவிடுவாள். மூன்று வருடம் கழித்து ஒரு நாள், கடைசல்காரர் வராத காலையில், மேஸ்திரி வேறு வழியில்லாமல் அவளை நிறுத்தினார். அப்புறம் அவளை அங்கிருந்து நகர்த்த யாருக்கும் மனம் வரவில்லை. தொழிற்சாலை பழைய லேத்துகளைக் கழித்துப் போட்டபோது ஒன்றை விலைக்கு வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

எங்கள் பழைய கார் கிளப்பில் அவள் பெயரில் ஒரு பழைய காரும் கிடையாது. ஆனால் கிளப்பில் இருக்கும் நாற்பது வண்டிகளில் முப்பதிலாவது அவள் கடைந்த புஷ்ஷோ, தண்டோ, திருகோ இருக்கும். கடையில் கிடைக்காத எதற்கும் எல்லாரும் அவளிடம்தான் போவோம். "நாளைக்கே வேணும்" என்று யாராவது சொன்னால், "நாளைக்குச் செஞ்சது நாளன்னைக்கு உடையும்" என்பாள். அதற்குமேல் பேச்சு கிடையாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் திராட்சைத் திருவிழாத் திடலில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி பானட்டைத் திறந்து வைப்போம். மாத்தே என்ற கசப்பு இலைத் தேநீரை உறிஞ்சும் குடுவை கைமாறிக்கொண்டே இருக்கும். இந்த இரண்டு மூன்று வருடமாக எந்தப் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் மின்சார வண்டியில்தான் போய் முடிகிறது.

"கம்பெனிக்காரன் ஒரு வருஷம் இனிமே பெட்ரோல் எஞ்சினே கிடையாதுங்கறான். மறு வருஷம் கொஞ்சம் பொறுங்கங்கறான்" என்பார் வால்தெசீர். ஆறு சிலிண்டர் ஒப்பாலா கார் வைத்திருப்பவர், அந்த எஞ்சினைப் போலவே சத்தமாகப் பேசுபவர். "அவனுக்கே தெரியல, நமக்கு வந்து பாடம் எடுக்கறான். நம்ம ஊர்ல கரும்பு இருக்கு. கரும்புச் சாராயத்துல ஓடற வண்டி இருக்கு. பேட்டரி எதுக்குடா?"

"சாராயத்தை வண்டிக்கு எங்கண்ணே மிச்சம் வைக்கிறீங்க?" என்று யாராவது கேட்பார்கள்.

"இது ஒண்ணும் புதுசு இல்ல, எழுபதுகள்லயே இந்த நாட்டுல மின்சாரக் கார் செஞ்சு பாத்தாங்க" என்று இன்னொருவர் ஆரம்பிப்பார். அது எவ்வளவு தூரம் ஓடியது, ஏன் நின்றது என்று அதற்கு ஒரு அரை மணி நேரம்.

இவானீர் பெரும்பாலும் பேசமாட்டாள். ஒரே ஒரு முறை சொன்னாள்.

"சத்தம் இல்லைங்கறது எனக்கு ஒரு குறையா தெரியல. எங்கூடப் பொறந்த அண்ணன் மக வாங்கின வண்டியோட பானட்டைத் தூக்கிப் பாத்தேன். உள்ள ஒரு பிளாஸ்டிக் தொட்டி. குடை வச்சுக்கலாமாம். அதுக்குக் கீழ என்ன இருக்குன்னு பாக்கப் போனா, தொடாதேன்னு ஸ்டிக்கர். திறக்கக் கூடாத பொருளை நான் எப்படி என்னுதுன்னு சொல்றது?"

அதற்குப் பிறகு கிளப்பில் மின்சார வண்டியைத் திட்ட நினைத்த எல்லாரும் அவள் பெயரைச் சாட்சிக்கு இழுத்தார்கள். அப்படிப்பட்டவளிடம்தான் மார்லீசி அந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

மார்லீசி, அல்சீதெஸின் மகள். அல்சீதெஸ் துர்காத்தோ எழுபத்தொரு வயது கார் பெயிண்டர். நாற்பது வருடம் முகத்தில் ஒரு கைக்குட்டையை மட்டும் கட்டிக்கொண்டு பெயிண்ட் அடித்தவர். அவர் அடித்த பெயிண்டில் தூசி பார்த்தவர் கிடையாது. தூசியெல்லாம் அவர் நுரையீரலுக்குப் போய்விட்டது. கிளப்பில் பதினெட்டு வருடம் அவர்தான் தரச் சோதனைக்காரர். முப்பது வயது தாண்டிய வண்டி, பழமைச் சின்னம் என்று அரசாங்கம் தரும் கறுப்பு நம்பர் பிளேட் வாங்க வேண்டுமென்றால், அது பிறந்தபடியே இருக்கிறது என்று கிளப் சான்று தரவேண்டும். நூற்றுக்குக் குறைந்தது எண்பது மதிப்பெண் வேண்டும். அல்சீதெஸ் குனிந்து, படுத்து, தட்டிப் பார்த்துத்தான் மதிப்பெண் போடுவார். வால்தெசீரின் ஒப்பாலா இருக்கைத் துணி சரியில்லை, டயர் அளவு சரியில்லை, இன்னும் ஏதேதோ சரியில்லை என்று எழுபத்தெட்டில் நின்றுவிட்டது. அதை வால்தெசீர் இன்றுவரை மறக்கவில்லை.

அல்சீதெஸின் சொந்த வண்டி அறுபத்தைந்தாம் வருடத்து வெமகெத். வெளிர் பச்சை உடம்பு, வெள்ளைக் கூரை. மூன்று சிலிண்டர், இரண்டு ஸ்ட்ரோக். பெட்ரோலோடு எண்ணெயையும் கலந்து குடித்து, சோளம் பொரிகிற மாதிரி ஒரு சத்தமும் பின்னால் நீலப் புகையுமாகப் போகிற வண்டி. ஒவ்வொரு திராட்சை அறுவடைக்கும் அதை ஓட்டிக்கொண்டு ஒட்டாவியோ ரோஷா கிராமத்திலிருக்கும் தம்பி வீட்டுக்குப் போவார். தனியாகத்தான் போவார். பக்கத்தில் ஆள் இருந்தால் வண்டி பேசுவது கேட்காது என்பார்.

இரண்டு வருடமாக அது முடியவில்லை. புகை நாற்றம் பட்டாலே உதடு நீலமாகிவிடுகிறது. வாரம் ஒருமுறை மார்லீசி வண்டியைக் கிளப்பி ஐந்து நிமிடம் ஓடவிடுவாள். அவர் ஜன்னலை மூடிக்கொண்டு உள்ளே இருந்து பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமைத் திடலுக்கு மகளின் காரில் வந்து, காற்று எங்களிடமிருந்து அவர் பக்கம் வீசாத இடமாகப் பார்த்து நிறுத்தச் சொல்லி, கண்ணாடியை இறக்காமல் உட்கார்ந்திருப்பார்.

ஒரு நாள் சாப்பிடும்போது, "எனக்கு வண்டி ஓட்டணும். அதுக்குள்ள எது இருந்தாலும் பரவால்ல" என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். மார்லீசி பேருந்துத் தொழிற்சாலையில் மின்சாரப் பேருந்துகளுக்கு வயர் இழுப்பவள். விபத்தில் நொறுங்கிய ஒரு காரிலிருந்து மோட்டாரும் பேட்டரியும் வாங்கிவிட்டாள். அரசாங்க அனுமதியும் வாங்கிவிட்டாள். மோட்டாரைப் பழைய கியர்பாக்ஸோடு சேர்க்கும் இணைப்புத் தட்டு ஒன்றுதான் பாக்கி. சாவோ பாவ்லோவில் ஒரு பட்டறை வரைபடம் அனுப்பியிருந்தது. அந்த அளவுக்குக் கடைந்து தரச் சொல்லித்தான் வந்தாள்.

இவானீர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரைபடத்தை ஓரம்வரை படித்தாள்.

"அறுபத்தஞ்சாம் வருஷத்து கியர்பாக்ஸ் உறையில ரெண்டு ஓட்டையைப் பெருசாக்கச் சொல்றான்."

"ரெண்டு மில்லிமீட்டர்தான் அத்தை."

"ரெண்டு மில்லிமீட்டர்தான்னு சொல்றவன் கையில டிரில்லே கொடுக்கக் கூடாது. இதுக்கு உறை வேற கிடைக்குமா? இனி எவன் வார்ப்பான்?"

"அப்ப நீங்களே ஒண்ணு வரைங்க."

"எனக்கு இந்த வேலையே பிடிக்கல, கண்ணு."

"தெரியும். அவங்களுக்கு ஓட்டை போடறது பிடிச்சிருக்கு. அவங்ககிட்டயே அனுப்பிடட்டுமா?"

இவானீர் மாத்தே குடுவையில் வெந்நீர் ஊற்றி, குழல் சத்தம் போடும்வரை உறிஞ்சி முடித்தாள். பிறகு சொன்னாள்: "வண்டியில புதுசா ஒரு ஓட்டை விழக்கூடாது. வெட்டக் கூடாது, வெல்டிங் வைக்கக் கூடாது. எஞ்சினை எண்ணெய் பூசிப் பெட்டியில வைக்கணும். என்னைக்கு யார் நெனச்சாலும் திரும்பி மாட்டற மாதிரி இருக்கணும். ஒத்துக்கிட்டா கியர்பாக்ஸைக் கொண்டா."

இப்படித்தான் அந்த வேலை அவள் மேசைக்கு வந்தது.

கிளப்பில் செய்தி பரவியது. மின்சார வண்டியைத் திட்டிய எல்லாருக்கும் இரட்டைத் தலைவலி: அல்சீதெஸும் கட்சி மாறிவிட்டார், இவானீரும் மாறிவிட்டாள். ஏப்ரல் முதல் ஞாயிறு வால்தெசீர் நேராக மார்லீசியின் காரிடம் போய்க் கண்ணாடியைத் தட்டினார். அல்சீதெஸ் ஒரு விரல் அகலம் இறக்கினார்.

"அண்ணே, எஞ்சின் மாறினா எத்தனை மார்க் போடுவீங்க?"

"உன் ஒப்பாலாவை விடக் கம்மிதான்டா."

"கறுப்பு பிளேட்?"

அல்சீதெஸ் பக்கத்து இருக்கையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார். முன்னும் பின்னும் இருந்த இரண்டு பிளேட்டையும் முந்தின நாளே அவர் கையால் கழற்றியிருந்தார். "செயலாளர்கிட்ட கொடுத்துடு. ரசீது வாங்கிக்க. உன்னை நம்ப முடியாது."

வால்தெசீர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். அவர் சண்டைக்குத்தான் வந்திருந்தார். கொண்டுவந்த சண்டையை என்ன செய்வதென்று தெரியவில்லை. "இருந்தாலும் எனக்கு ஒப்புதல் இல்லண்ணே" என்றார் கடைசியில்.

"உங்கிட்ட யாரு கேட்டா? கண்ணாடியை ஏத்தணும், தள்ளு."

தட்டு ஒன்பது நாளில் முடிந்தது. இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் அலுமினியம். ஒரு முகம் கியர்பாக்ஸுக்கு, மறுமுகம் மோட்டாருக்கு. நடுவில் இரண்டு தண்டுகளையும் பிடித்துச் சேர்க்கும் எஃகுக் குழல். கிளட்ச் போய்விட்டது. மின்சார மோட்டாருக்கு அது தேவையில்லை. உறையில் ஏற்கெனவே இருந்த ஓட்டைகளிலேயே எல்லாத் திருகும் உட்கார்ந்தன. மோட்டார் தண்டும் கியர்பாக்ஸ் தண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று அளந்தபோது மில்லிமீட்டரில் நூறில் எட்டுப் பங்குதான் விலகல். எங்கள் ஊரில் எந்த எஞ்சினுக்கும் நூறில் பத்து வரை போதும் என்பது கணக்கு. இவானீருக்குத் திருப்திதான்.

ஏப்ரல் கடைசியில் வண்டி முதன்முதலாக நகர்ந்தது. மார்லீசி ஓட்ட, இவானீர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டியில் இத்தனை ஒலிகள் இருப்பது இருவருக்கும் தெரியாது. கதவு ரப்பர் உரசியது. ஸ்டீயரிங் கம்பி எங்கோ லேசாகத் தட்டியது. பின்னால் மறந்துபோன ஸ்பேனர் ஒன்று உருண்டது. சோளம் பொரியும் சத்தத்துக்குப் பின்னால் அறுபது வருடம் ஒளிந்திருந்தவை எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

வேகம் நாற்பத்தைந்தைத் தொட்டதும் இன்னொன்று கேட்டது. பக்கத்து அறையில் யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுவது போல. அறுபதில் அது தரை வழியாகக் காலுக்கு வந்தது.

"பழைய கியர்பாக்ஸ் அத்தை. பல் தேஞ்சிருக்கும்" என்றாள் மார்லீசி.

"இருக்கலாம்" என்றாள் இவானீர். "மேட்டுல ஏத்தி, இறக்கத்துல விடு. குமிழை உள்ள தள்ளிக்க."

இந்த வண்டியில் டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு குமிழ் உண்டு. அதை உள்ளே தள்ளிவிட்டால், மிதியிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சின் தனி, சக்கரம் தனி. சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் உருளுமே, அதுபோல வண்டி தானாக உருளும். இறக்கத்தில் மார்லீசி காலை எடுத்தாள். மோட்டார் நின்றது. வண்டி அதே அறுபதில் உருண்டது, கியர்பாக்ஸின் பற்கள் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றிக்கொண்டுதான் இருந்தன. முனகல் மட்டும் இல்லை.

மறுபடி மிதித்தாள். முனகல் வந்தது. எடுத்தாள், போனது.

"கியர் பல் இல்ல. அது சுத்திக்கிட்டேதான் இருக்கு" என்றாள் இவானீர். "குமிழுக்கு இந்தப் பக்கம் இருக்கறது மோட்டார், குழல், என் தட்டு. மோட்டாரை நீ மேசையில வச்சு ஓட்டிக் காட்டின. அது முனகல."

மார்லீசி வண்டியை ஓரமாக நிறுத்தினாள். "சின்னச் சத்தம் அத்தை."

"சத்தம் சின்னது. வீட்டுக்குத் திருப்பு."

அன்று மாலையும் மறுநாள் முழுவதும் இவானீர் கியர்பாக்ஸைத் திரும்பப் பிரித்து வைத்துக்கொண்டு அளந்தாள். தட்டில் பிழை இல்லை. அவள் எங்கிருந்து அளக்க ஆரம்பித்தாளோ, பிழை அங்கே இருந்தது. இந்த ஊரில் எல்லாரும் கியர்பாக்ஸ் உறையின் வாய் விளிம்பை வைத்துத்தான் மையம் பார்ப்போம். எஞ்சின் அங்கேதான் உட்காரும். ஆனால் அந்த விளிம்பும் உள்ளே தண்டு உட்காரும் பேரிங்கும் ஒரே மையத்தில் வார்க்கப்பட்டவை அல்ல, ஒரு முடியளவு விலகல் உண்டு. எஞ்சின் இருந்தவரை இடையில் கிளட்ச் தட்டு இருந்தது. கொஞ்சம் அசைந்து கொடுக்கும் பொருள் அது. விலகலைத் தானே வாங்கிக்கொண்டு மன்னித்துவிடும். இப்போது கிளட்ச் இல்லை. எஃகு எஃகைப் பிடித்திருக்கிறது. மன்னிக்க ஆளில்லை.

ஓட்டிக் காட்டச் சொல்லி வந்த வால்தெசீர் மேசை மீது பிரித்துக் கிடந்ததைப் பார்த்தார்.

"நூறுல எட்டுக்கே முனகுதா? என் வண்டியில நீ போட்ட புஷ் எவ்வளவு?"

"ஒம்பது."

"நான் ஒண்ணும் கேட்டதில்லையே."

"உன் எஞ்சின் போடற கூச்சல்ல உன் பொண்டாட்டி பேசறதே உனக்குக் கேக்காது. இது எங்க கேக்கப் போகுது?"

"ரேடியோ போட்டுட்டா போச்சு. அறுபத்தஞ்சாம் வருஷத்து ரேடியோ. ஒரிஜினல். அதுக்கு மார்க் உண்டு."

இவானீர் தட்டைத் துடைத்து வைத்தாள். பிறகு, அவரிடம் சொல்கிற மாதிரி இல்லாமல் சொன்னாள்: "நாப்பது வருஷமா நான் செஞ்ச வேலையை நான் கேட்டதே இல்ல. எஞ்சின் சத்தம்தான் கேட்டுச்சு. இப்பதான் எனக்குக் கேக்குது."

போக்குவரத்துத் துறைச் சோதனைக்கு மார்லீசி வாங்கியிருந்த தேதி மே இருபத்தெட்டு. அதை விட்டால் அடுத்தது ஜூலைக்கு மேல். ஜூனிலிருந்து ஆகஸ்டு வரை அல்சீதெஸை வெளியே விடக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இங்கே குளிர் மூடுபனியோடு சேர்ந்து வரும். அது முடியும்போது அவரால் ஸ்டீயரிங்கைத் திருப்ப முடியுமா என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. புதிய தட்டுக்குக் குறைந்தது மூன்று வாரம் வேண்டும். மார்லீசி இவானீரின் முகத்தையே பார்த்தாள்.

இவானீர் கையைக் கழுவிவிட்டு அல்சீதெஸ் வீட்டுக்கு நடந்து போனாள். அவர் ஜன்னலோரம் மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருந்தார்.

"வண்டி ஓடுதுண்ணே. ஆனா குடுக்கலாமா வேணாமான்னு தெரியல."

"என்ன கோளாறு?"

"ஒரு முனகல். நாப்பத்தஞ்சுல ஆரம்பிக்குது. என் தப்புதான்."

"ஓட்ட ஆபத்தா?"

"இப்ப இல்ல. ரெண்டு வருஷத்துல பேரிங் போயிடும்."

அல்சீதெஸ் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அது அடங்க ஒரு நிமிடம் ஆனது. "ரெண்டு வருஷம் எனக்குத் தாராளம், இவானீர்."

அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். அவர் அப்படிச் சொல்வார் என்று எதிர்பார்க்காமல் வந்திருந்தாள். "அப்ப அப்படியே குடுத்துடட்டுமா? திரும்பச் செஞ்சா சோதனைத் தேதி தப்பிடலாம். அப்புறம் குளிர்."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "நான் அடிச்ச பெயிண்டுல தூசி விழுந்தா என்ன பண்ணுவேன்?"

"தேச்சுட்டுத் திரும்ப அடிப்பீங்க."

"வண்டிக்காரன் வாசல்ல நிக்கிறான். மத்தியானம் அவன் பொண்ணுக்குக் கல்யாணம். அந்த வண்டியிலதான் பொண்ணு போகணும். அப்ப?"

"அப்பவும் தேய்ப்பீங்க. ஒரு தடவை தேச்சீங்க. அந்தப் பொண்ணு டாக்ஸியில போச்சு."

"அப்புறம் எங்கிட்ட வந்து என்ன கேக்கற?"

இவானீர் எழுந்தாள். வாசலில் செருப்பைப் போடும்போது அவர் பின்னாலிருந்து, "ஆனா சீக்கிரம் தேய்" என்றார்.

சிக்கல் அலுமினியத்தில் வந்தது. மையம் மாறியதால் தட்டு இன்னும் கொஞ்சம் பெரிதாகவும் கனமாகவும் வேண்டியிருந்தது. அந்த அளவுத் துண்டு கடைகளில் இரண்டு வாரத்துக்கு இல்லை. மூன்றாம் நாள் வால்தெசீர் தன் ஒப்பாலாவைப் பட்டறை வாசலில் நிறுத்தி, பின்னாலிருந்து சாக்கில் சுற்றிய கனத்த துண்டு ஒன்றை இறக்கினார். அவர் வேலை செய்யும் இடத்தில் மிச்சம் விழுந்த அலுமினியம். முதலாளியிடம் கேட்டு வாங்கிவந்ததற்குச் சீட்டும் வைத்திருந்தார்.

"கொள்கையில மாத்தம் ஒண்ணும் இல்ல" என்றார்.

"கால்ல போட்டுக்காம கீழ வை."

இம்முறை இவானீர் விளிம்பைத் தொடவேயில்லை. பேரிங் உட்காரும் பள்ளத்துக்குள் கேஜை நுழைத்து, அதை மையமாக வைத்து எல்லாவற்றையும் திரும்பக் கணக்கிட்டாள். ஒரு நாள் அளந்தாள், ஒரு நாள் ஒன்றும் செய்யாமல் அட்டையில் எழுதிய எண்களைத் திரும்பப் படித்தாள். கடைசல் நான்கு நாள் போனது. கடைசிச் சீவலுக்கு முன்னால் லேத்தை நிறுத்தி, பட்டறைக் கதவை மூடி, துண்டு குளிரட்டும் என்று இரவு முழுக்க விட்டாள். சூடாக இருக்கும்போது சரியாக இருக்கும் அளவு, ஆறியபின் சரியாக இருக்காது. காலையில் ஒரே ஒரு சீவல். துருவல் தலைமுடி போல வந்தது. அதை ஊதித் தள்ளினாள்.

மாட்டிப் பார்த்தபோது கேஜின் முள் நூறில் இரண்டுக்குள் நின்றது. மூன்று முறை சுற்றினாள். மூன்று முறையும் இரண்டுக்குள்தான்.

மே இருபத்திரண்டாம் தேதி மார்லீசியைப் பக்கத்தில் உட்காரவைத்து இவானீரே ஓட்டினாள். மூன்றாவது கியரில் போட்டுவிட்டால் போதும், நின்ற இடத்திலிருந்து மலையேற்றம் வரை அதுவே இழுத்துக்கொள்ளும். முப்பது. நாற்பது. நாற்பத்தைந்து. டயர் சாலையில் உருளும் ஒலி மட்டும் கேட்டது. அறுபதில் காற்று. இவானீர் அறுபதிலேயே இரண்டு கிலோமீட்டர் போனாள். ஒரு இடத்தில் சாலை ஓரமாக மேய்ந்துகொண்டிருந்த மாடு தலையைத் தூக்கவில்லை.

"எப்படி இருக்கு அத்தை?"

"இன்னும் கதவு ரப்பர் உரசுது."

"அதைக் கேக்கல. மின்சாரத்தைக் கேட்டேன்."

இவானீர் யோசித்தாள். "கம்பெனி மூடி வச்சு விக்கிற பெட்டி எனக்கு இப்பவும் பிடிக்கல. அது சத்தத்துக்காக இல்லேன்னு அன்னைக்கே சொன்னேன். இது நாம திறந்து மூடினது. நாளைக்குக் கெட்டுப் போனா எங்க கெட்டுச்சுன்னு எனக்குத் தெரியும். அதோட, இது என்னை ஏமாத்த விடல." திரும்பி வரும் வழியில் கதவு ரப்பருக்குக் கொஞ்சம் சோப்பு தேய்த்தால் போதும் என்றாள்.

இருபத்தெட்டாம் தேதிச் சோதனையில் அதிகாரி பானட்டைத் திறந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "எங்க வெட்டினீங்க?" என்று கேட்டிருக்கிறார். எங்கேயும் வெட்டவில்லை என்றதும் டார்ச்சை வாங்கிக் கீழே படுத்துப் பார்த்திருக்கிறார். பிறகு கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

மறுநாள் சனிக்கிழமை. வெயில் இருந்தது, காற்று இல்லை. அல்சீதெஸ் கம்பளிக் கோட்டும் கழுத்துத் துண்டுமாக மகளின் காரிலிருந்து இறங்கினார். வெமகெத் பட்டறை வாசலில் சாதாரண நம்பர் பிளேட்டோடு நின்றிருந்தது. அவர் முதலில் வண்டியைச் சுற்றி வந்தார். பதினெட்டு வருடம் மற்றவர்கள் வண்டியை எப்படிப் பார்த்தாரோ அப்படியே பார்த்தார். முட்டி போட முடியாததால் இவானீர் ஒரு சின்ன ஸ்டூலைத் தள்ளினாள். அதில் உட்கார்ந்து பானட்டுக்கு அடியில் கையை விட்டு, எஞ்சின் இருந்த இடத்தின் ஓரங்களைத் தடவினார். பெயிண்டை விரலால் தட்டினார். தட்டின் விளிம்பில் விரல் ஒரு சுற்று வந்தது.

"ஓரம் மழுக்கி விட்டிருக்க."

"கை கிழிக்கக் கூடாதுல்ல."

"இதை யாரு பாக்கப் போறா?"

"நீங்க பாத்துட்டீங்களே."

அவர் எழுந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார். மூச்சை இழுத்தார், முதலில் கொஞ்சமாக, பழகிப்போன பயத்தில். பிறகு முழுதாக இழுத்தார். பழைய இருக்கைத் துணியின் வாசனையும் கதவு ரப்பரில் தேய்த்த சோப்பின் வாசனையும் மட்டும்தான் இருந்தன. மார்லீசி மறுபக்கக் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தாள்.

"நீ எங்க?" என்றார்.

"கூட வரேன்பா. முதல் தடவை."

அல்சீதெஸ் மகளைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக இவானீரைப் பார்த்தார். "கூட ஆள் வேணுமா இதுக்கு?"

இவானீர் தன் மேலங்கிப் பையிலிருந்து சாவியை எடுத்து, அதில் ஒட்டியிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தாள்.

"மூணாவது கியர்ல போடுங்க, அப்புறம் அதைத் தொடவே வேணாம். இடது கால் சும்மா கிடக்கட்டும். ஒட்டாவியோ ரோஷா போயிட்டு வர பேட்டரி இருக்கு. ரெண்டு தடவை போக இல்ல, ஒரு தடவை போக." பிறகு மார்லீசியிடம், "கால எடு கண்ணு, கதவைச் சாத்து" என்றாள்.

மார்லீசி காலை எடுத்தாள். இவானீர் ஜன்னலுக்குள் கையை நீட்டி அவர் உள்ளங்கையில் சாவியை வைத்தாள்.